முழங்காலிலிருந்து இழுக்கப்பட்டவர்



இந்த மாதம் நான் எழுதப்போகிறவர் பெரிய கூட்டங்கள் நடத்தியவர் இல்லை. ஊர் ஊராய்ப் போய் எழுப்புதல் தீ மூட்டியவரும் இல்லை. ஒரே பட்டணத்தில், ஒரே சபையில், வாரா வாரம் ஆராதனை நடத்தி, ஜனங்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டி, வியாதிக்காரரைப் பார்த்து, மரித்தவர்களை அடக்கம்பண்ணி, 71வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர். அதிலும் எழுதி வைத்த ஜெபத்தைப் பார்த்து வாசிக்கிற எப்பிஸ்கோப்பல் சபை ஊழியர். நமக்கு எதுக்கு பாஸ்டர் இவர் கதை என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். நான் பைபிள் காலேஜில் டிப்ளமோ படித்தபோது சபை சரித்திரம் ஒரு முழு பாடம். அதில் இவர் பெயர் ஒரு வரியில்கூட வரவில்லை. அந்த ஆதங்கமும் எனக்கு உண்டு.

அப்சலோம் ஜோன்ஸ் 1746ம் ஆண்டு நவம்பர் 6ம் தேதி, அமெரிக்காவில் டெலவேர் என்ற பகுதியில் பிறந்தார். பிறக்கும்போதே அடிமை. அவருடைய தாய் அடிமை, ஆகவே பிள்ளையும் எஜமானுடைய சொத்து. ஆடு மாடு மாதிரி கணக்கில் எழுதப்படும். சிறுவனாய் இருந்தபோதே வயல் வேலையிலிருந்து எடுத்து வீட்டு வேலைக்கு வைத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் சில சமயம் கையில் ஒரு பென்னி, இரண்டு பென்னி கொடுப்பார்கள். மற்ற பிள்ளையாய் இருந்தால் மிட்டாய் வாங்கியிருக்கும். இவர் சேர்த்து வைத்து ஒரு அரிச்சுவடி வாங்கினார். பிறகு எழுத்துக்கூட்டிப் படிக்கிற புத்தகம் ஒன்று. பிறகு ஒரு புதிய ஏற்பாடு. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. யார் எழுத்து தெரிந்தவரோ அவரிடம் போய்க் கெஞ்சி, ஒரு பாடம் ஒரு பாடமாய்க் கற்றுக்கொண்டார்.

16 வயதானபோது எஜமான் அவருடைய தாயையும், ஒரு சகோதரியையும், ஐந்து சகோதரர்களையும் விற்றுப்போட்டான். இவரை மட்டும் பிலடெல்பியா பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கடையில் வைத்துக்கொண்டான். பிலடெல்பியா என்றால் சகோதர சிநேகம்; வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற அதே பெயர். அந்தப் பட்டணத்துக்கு அவர் வந்து சேர்ந்த விதத்தைப் பாருங்கள்! மூட்டை சுமப்பதும், சரக்கை எடுத்து அடுக்குவதும் அவர் வேலை. கடையில் இருந்த ஒரு குமாஸ்தாவிடம் எழுதக் கற்றுக்கொண்டார். எதற்குத் தெரியுமா? விற்கப்பட்ட தாய்க்கும் சகோதரருக்கும் தன் சொந்தக் கையால் கடிதம் எழுதுவதற்கு. 1766ல் இராப்பள்ளிக்கும் கொஞ்ச காலம் போனார். அப்போது அவருக்கு 20 வயது.

1770ல் ஜோன்ஸ் திருமணம் செய்தார். மணவாட்டி மேரியும் அடிமைதான், வேறொரு வீட்டில். இங்கேதான் அவருடைய ஞானம் எனக்கு ஆச்சரியமாய் இருக்கிறது. விடுதலையைப் பணம் கொடுத்து வாங்கலாம் என்ற நிலை வந்தபோது, தன்னை வாங்கவில்லை. முதலில் மனைவியை வாங்கினார். ஏனென்றால் சட்டப்படி பிள்ளைகள் தாயின் நிலையைச் சேர்ந்தவர்கள். தாய் சுயாதீனமுள்ளவளானால் பிறக்கிற பிள்ளையும் சுயாதீனம். மாமனாரோடு சேர்ந்து கையில் ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, குவேக்கர் என்ற கூட்டத்தைச் சேர்ந்த விசுவாசிகள் வீடுகளுக்குப் போய்க் கடனும் நன்கொடையும் கேட்டார். பகல் முழுவதும் எஜமானுக்கு வேலை. இரவில் 12 மணி, 1 மணி வரைக்கும் தனக்கென்று உழைத்து அந்தக் கடனை அடைத்தார். 1778 வாக்கில்தான் கடன் தீர்ந்தது. அதற்குப் பிறகு தன் விடுதலைக்காக எஜமானிடம் பல தடவை கேட்டும் கிடைக்கவில்லை. 1784ல் கிடைத்தது. அப்போது வயது 38க்கு அருகில். விடுதலையான பிறகும் அதே கடையில் சம்பளத்துக்கு வேலை செய்தார் என்று வாசிக்கிறோம்.

அந்த நாட்களில் பிலடெல்பியாவில் மெத்தடிஸ்ட் ஊழியர்களின் பிரசங்கம் அனலாய் இருந்தது. புனித ஜார்ஜ் மெத்தடிஸ்ட் ஆலயத்தில் கறுப்பின மக்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். ஜோன்ஸ் அங்கே சாதாரண விசுவாசியாய் இருந்துகொண்டே வசனம் பேசுகிறவரானார். ரிச்சர்ட் ஆலன் என்ற இன்னொரு வாலிபரும் அங்கே வந்தார். அவரும் அடிமைத்தனத்திலிருந்து தன்னை விலைகொடுத்து மீட்டுக்கொண்டவர். இவர்கள் இருவரும் 1787ம் ஆண்டு ஏப்ரல் 12ம் தேதி சுயாதீன ஆப்பிரிக்க சங்கம் என்ற ஒன்றை ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஷில்லிங் போடவேண்டும். வியாதியஸ்தர், விதவைகள், தகப்பனில்லாப் பிள்ளைகள் இவர்களுக்கு அதிலிருந்து உதவி. குடிக்கிறவனுக்கு அதில் இடமில்லை. நம்ம ஊர் சீட்டுச் சங்கம் மாதிரி தோன்றலாம். ஆனால் கையில் ஒன்றுமில்லாத ஜனம் தன் காலில் நிற்கக் கற்றுக்கொண்ட இடம் அது.

ஜார்ஜ் ஆலயத்தில் கூட்டம் பெருகப் பெருக, கறுப்பு நிறத்தாரை வழக்கமான இருக்கையிலிருந்து எழுப்பி சுவர் ஓரமாய் நிறுத்தினார்கள். பிறகு மாடியில் கேலரி கட்டினார்கள். அந்தக் கேலரிக்கும் புதுத் தரைக்கும் இந்த ஜனங்களும் தாராளமாய்க் காணிக்கை கொடுத்திருந்தார்கள், அதை மறக்கக்கூடாது! ஒரு ஞாயிறு காலை வாசலில் நின்றவர், மேலே கேலரிக்குப் போங்கள் என்று கைகாட்டினார். போனார்கள். கீழே எந்த இடத்தில் உட்காருவார்களோ அதற்கு நேர் மேலே இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். ஜெபம் ஆரம்பித்தது. எல்லோரும் முழங்காற்படியிட்டார்கள். சற்று நேரத்தில் பக்கத்தில் ஏதோ இழுபறிச் சத்தம். ஆலன் தலையைத் தூக்கிப் பார்த்தால், சபை டிரஸ்டிகளில் ஒருவர் ஜோன்ஸைப் பிடித்து முழங்காலிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கிறார். இந்த இடம் உனக்கில்லை, எழுந்திரு என்பது அவர் பேச்சு. ஜெபம் முடியட்டும் ஐயா என்றார் ஜோன்ஸ். அவர் விடவில்லை, இப்போதே எழும்பாவிட்டால் ஆட்களைக் கூப்பிடுவேன் என்றார். ஜெபம் முடிந்ததும் நாங்களே போய்விடுகிறோம், இனி உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டோம் என்று மறுபடியும் கேட்டுக்கொண்டார். டிரஸ்டி இன்னொருவருக்குச் சைகை காட்ட, அவர் வந்து பக்கத்திலிருந்த மற்றொரு சகோதரரை இழுத்தார். அதற்குள் ஜெபம் முடிந்தது. கறுப்பின விசுவாசிகள் மொத்தமாய் எழுந்து, ஒரே கூட்டமாய் வெளியே நடந்தார்கள்.

ஆலன் வயதான காலத்தில் இதை 1787ல் நடந்ததாக நினைவுகூர்ந்தார். ஆனால் கேலரி கட்டியது 1792ல் என்பதால், அப்போதுதான் இது நடந்திருக்கவேண்டும் என்று சரித்திரக்காரர் பலர் சொல்லுகிறார்கள்.

பிரியமானவர்களே, நான் அந்த டிரஸ்டியைப் பற்றி அதிகம் யோசித்திருக்கிறேன். அவரும் ஜெபத்துக்கு வந்தவர்தானே. எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது இவர் கண்ணைத் திறந்து யார் எங்கே முழங்கால் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நம்ம தேசத்து சபைகளும் இந்த விஷயத்தில் சுத்தக் கை காட்ட முடியாது. ஆலயத்துக்குள் ஜாதிவாரியாய் உட்காருவதை நிறுத்தச் சொல்லி 1833ல் பேராயர் டேனியேல் வில்சன் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனை பேர் சபையை விட்டே போனார்கள்! திருவிருந்தின் பாத்திரம் தங்களுக்கு முன்னே யார் கையில் போகிறது என்று பார்க்கிற கண் இன்னும் செத்துப்போகவில்லை.

வெளியே வந்தவர்கள் சும்மா கலைந்துபோகவில்லை. தங்களுக்கென்று ஒரு ஆலயம் கட்டத் தீர்மானித்தார்கள். டாக்டர் பெஞ்சமின் ரஷ் என்ற பிரபல மருத்துவர் பண உதவி திரட்டிக்கொடுத்தார். 1793 ஆகஸ்டில் கூரை ஏற்றின நாள் ஒரு விருந்து நடந்தது. பட்டணத்துக்கு வெளியே மரநிழலில் நீளமாய் மேஜை போட்டு, முதல் பந்தியில் வெள்ளைக்காரத் தச்சர்களும் நண்பர்களும் ஏறக்குறைய நூறு பேர் உட்கார, கறுப்பு ஜனங்கள் பரிமாறினார்கள். அவர்கள் எழுந்தபின் கறுப்பு ஜனங்கள் சுமார் 50 பேர் உட்கார, வெள்ளைக்காரர் பரிமாறினார்கள். அந்தக் காலத்தில் அந்தத் தேசத்தில் இது யாரும் காணாத காட்சி. பந்தி நடந்த அந்த மாதத்திலேயே பட்டணத்தில் சாவு விழ ஆரம்பித்துவிட்டது.

மஞ்சள் காய்ச்சல்! ஏறக்குறைய 50,000 பேர் வாழ்ந்த பிலடெல்பியாவில், அந்த இலையுதிர் காலத்துக்குள் ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள். அப்போது அதுதான் அமெரிக்காவின் தலைநகரம். வசதியுள்ளவர்கள் ஓடிப்போனார்கள். கணவன் மனைவியை விட்டான், பெற்றவர்கள் பிள்ளையை விட்டார்கள். நம்ம ஊரில் டெங்கு பரப்புகிற அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்புகிறது; அது நிரூபணமானது 1900ல்தான். அப்போது யாருக்கும் தெரியாது. கறுப்பு நிறத்தாருக்கு இந்தக் காய்ச்சல் ஒட்டாது என்று டாக்டர் ரஷ் நம்பி, அவர்களிடம் உதவி கேட்டார். அந்த நம்பிக்கை தவறு. பட்டணத்தின் மரணக் கணக்கில் 1792ல் அடக்கம்பண்ணப்பட்ட கறுப்பினத்தார் 67 பேர். 1793ல் 305 பேர். அவர்களும் செத்தார்கள்.

ஜோன்ஸும் ஆலனும் கூடி ஜெபித்து, போவதென்று முடிவு செய்தார்கள். முதலில் நுழைந்த சந்து எம்ஸ்லி சந்து. அங்கே ஒரு வீட்டில் மனைவி செத்துக் கிடக்கிறாள், புருஷன் சாகக் கிடக்கிறான், பக்கத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள் தவிர ஒரு ஆள் இல்லை. அன்று ஒரே நாளில் இருபதுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். பிறகு நோயாளிகளைப் பார்க்க ஆட்களை ஏற்பாடு செய்தார்கள், பிணம் தூக்கக் கூலிக்கு ஆள் வைத்தார்கள், சவப்பெட்டி வாங்கினார்கள். ரஷ் சொல்லிக்கொடுத்தபடி 800 பேருக்கு மேல் இரத்தம் எடுக்கிற சிகிச்சையும் செய்தார்கள். அந்தச் சிகிச்சை நல்லதல்ல என்று இன்றைக்குத் தெரியும், அன்றைக்கு அதுதான் வைத்தியம். வரவு செலவு பார்த்தபோது 177 பவுண்டுக்கு மேல் கைப்பணம் போயிருந்தது. தங்களை முழங்காலிலிருந்து இழுத்துவிட்ட பட்டணத்துக்குச் செய்த ஊழியம் இது.

காய்ச்சல் ஓய்ந்ததும் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் ஒரு புத்தகம் வெளியிட்டார். கறுப்பின நர்சுகள் சாகிறவர்களிடம் அதிகப் பணம் பறித்தார்கள், வீடுகளில் திருடினார்கள் என்று அதில் எழுதினார். ஜோன்ஸையும் ஆலனையும் மட்டும் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். நம்மைப் புகழ்ந்துவிட்டாரே என்று இவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருக்கவில்லை. எங்கள் இருவரை மாத்திரம் நல்லவர்கள் என்று பிரித்தால் மற்ற எல்லாரும் குற்றவாளிகளாகத் தெரிவார்களே என்று, 1794 ஜனவரியில் கணக்கு வழக்கோடு ஒரு பதில் புத்தகம் அச்சிட்டார்கள். காய்ச்சல் நேரத்தில் கேரியும் பட்டணத்தை விட்டுப் போனவர்தான் என்பதையும் அதில் எடுத்துச் சொன்னார்கள். கூலி வாங்காமல் வேலை செய்த ஏழைப் பெண்களின் சாட்சியெல்லாம் அதில் வருகிறது.

இனி ஆலயத்துக்கு வருவோம். கட்டிடம் எழும்பியாச்சு, எந்தச் சபைப் பிரிவோடு சேருவது? வாக்கெடுப்பு வைத்தார்கள். மெத்தடிஸ்ட்டே நல்லது என்று சொன்னவர்கள் இரண்டே பேர்: ஆலன், ஜோன்ஸ். மற்றவர்கள் எல்லாம் எப்பிஸ்கோப்பல் சபை என்றார்கள். முதலில் ஆலனைத்தான் போதகராய் இருக்கக் கேட்டார்கள். எழுத்தறியாத நம் ஜனங்களுக்கு எளிய பிரசங்கமும் மனதிலிருந்து வருகிற ஜெபமும்தான் ஏற்றது என்று அவர் மறுத்துவிட்டார். பெந்தெகொஸ்தேக்காரனாகிய என் மனசு ஆலன் பக்கம்தான் சாய்கிறது, மறைக்கவில்லை. ஜோன்ஸிடம் கேட்டார்கள். தன் வாக்கு தோற்றுப்போன சபைக்கே அவர் ஊழியக்காரனாக ஒப்புக்கொண்டார். எத்தனை பேரால் இது முடியும்? கமிட்டியில் நம்ம பேச்சு எடுபடவில்லை என்றால் அடுத்த தெருவில் புது போர்டு மாட்டுகிற காலத்தில் இருக்கிறோம்.

1794ம் ஆண்டு ஜூலை 17ம் தேதி புனித தோமா ஆப்பிரிக்க எப்பிஸ்கோப்பல் ஆலயம் பிரதிஷ்டையானது. பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 29ல், ஆலனுடைய பெத்தேல் ஆலயமும் திறக்கப்பட்டது. தோமா ஆலயத்தின் பிரதிஷ்டைக்கு வந்த வெள்ளைக்காரக் குருவானவர் ஏசாயா 9ம் அதிகாரத்திலிருந்து பேசினார். இருளில் நடந்த ஜனம் என்ற அந்தப் பகுதிதான். நீங்கள் தாழ்மையாகவும் நன்றியாகவும் இருக்கவேண்டும் என்று நிறைய புத்தி சொன்னார். ஜனங்கள் அமைதியாய்க் கேட்டுக்கொண்டார்கள். அதே வசனத்தை அவர்களும் ஆலயத்தின் வெளிச்சுவரில் பொறித்து வைத்தார்கள். இருள் என்று இவர்கள் எதை நினைத்தார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எப்பிஸ்கோப்பல் என்றால் என்ன? அமெரிக்கா 1776ல் இங்கிலாந்தை விட்டுப் பிரிவதாக அறிவித்தபிறகு, அங்கிருந்த ஆங்கிலிக்கன் சபை தனக்கென்று பேராயர்களையும், 1789ல் தனக்கென்று ஒரு ஜெபப்புத்தகத்தையும் ஏற்படுத்திக்கொண்டது, அதுதான். சி.எஸ்.ஐ. ஆராதனையில் வளர்ந்து நம் சபைக்கு வந்தவர்களுக்கு அதன் முறை விளங்கும். பாவ அறிக்கை, சங்கீதம், பழைய ஏற்பாட்டுப் பாடம், புதிய ஏற்பாட்டுப் பாடம், விசுவாசப் பிரமாணம், பிறகு வரிசையாய் ஜெபங்கள். தோமா சபை சேரும்போது பேராயர் வில்லியம் ஒயிட்டிடம் மூன்று காரியங்கள் கேட்டுக்கொண்டது. எங்களை ஒரு சபையாகவே ஏற்றுக்கொள்ளவேண்டும். எங்கள் சபைக் காரியங்களை நாங்களே நடத்துவோம். ஜோன்ஸ் இப்போது வாசகராய் இருப்பார், தகுதி உண்டானால் அபிஷேகம் செய்யவேண்டும். பேராயர் ஒப்புக்கொண்டார்.

இந்த வாசகர் என்ற வேலையைத்தான் நான் கவனித்துப் படித்தேன், ஏனென்றால் நானும் பட்டம் பெறாத போதகன். வாசகர் திருவிருந்து கொடுக்க முடியாது. அதற்கு ஒரு குருவானவர் வரவேண்டும். ஞாயிறுதோறும் எழுந்து நின்று ஜெபத்தை வாசிக்கலாம், பாடத்தை வாசிக்கலாம், அவ்வளவுதான். கேட்கிறவர்கள் யார்? அநேகம் பேருக்கு எழுத்துத் தெரியாது. பலர் அடிமையாய்ப் பிறந்தவர்கள். சிலர் அப்போதும் அடிமைகள். எழுதின ஜெபம் உயிரில்லாதது என்று நம்மில் சிலர் சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த ஜனங்களை யோசித்துப் பாருங்கள். ஒரே வார்த்தைகள் ஒவ்வொரு வாரமும் வருகின்றன. போதகர் ஒரு வரி, ஜனம் ஒரு வரி. ஆறு மாதத்தில் வாசிக்கத் தெரியாத பாட்டியும் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாய்ச் சொல்லுவாள். பாடங்கள் முறைவைத்து வருவதால், பாஸ்டருக்குப் பிடித்த நாலு அதிகாரத்தோடு நின்றுபோகாமல், தீர்க்கதரிசிகளும் நிருபங்களும் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பென்னி சேர்த்து அரிச்சுவடி வாங்கின பையன், வளர்ந்தபின் பெரியவர்கள் ஒரு சபை நிறையப் பேருக்கு இப்படிப் பள்ளிக்கூடமானார்! ஆரம்பித்து ஒரு வருஷத்துக்குள் சில நூறு பேர் சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்குச் சபையின் பள்ளிக்கூடமும், வியாதியிலும் சாவிலும் ஒருவருக்கொருவர் உதவும் சங்கங்களும் அங்கே வளர்ந்தன. வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் சத்தமாய் ஆராதித்துவிட்டு, ஆறு நாள் வேதத்தைத் தொடாமல் இருக்கிற விசுவாசியைவிட இந்த ஜனம் பலமாய் நின்றது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளவேண்டாம்.

1795ல் ஜோன்ஸ் டீக்கனாக அபிஷேகம்பண்ணப்பட்டார். கிரேக்கும் லத்தீனும் தெரிந்திருக்கவேண்டும் என்பது விதி. அவருக்கு அதை விலக்கினார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். தோமா சபை அத்தியட்சாதீனத்தின் வருடாந்தர மாநாட்டுக்குப் பிரதிநிதி அனுப்பக்கூடாது, ஓட்டு கிடையாது. பாஷை தெரியாதது ஒருவருக்கு. ஓட்டுப் போனது முழுச் சபைக்கும். கேலரிக்குப் போ என்று சொன்னதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சில வருஷங்கள் கழித்து அவர் குருவாக உயர்த்தப்பட்டார். அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையில் கறுப்பினத்தில் முதல் குருவானவர் அவர்தான்.

மாநாட்டில் வாய் திறக்க முடியாதவர் தேசத்தின் காங்கிரஸ் சபைக்கு எழுதினார். 1799 டிசம்பரில், பிலடெல்பியாவின் சுயாதீனக் கறுப்பின மக்கள் எழுபது பேர் அளவில் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை முன்நின்று அனுப்பினார். சுயாதீனரையும் பிடித்து அடிமையாய் விற்கிறார்கள், இதைத் தடுங்கள் என்பது அதில் ஒரு பகுதி. 85 பேர் எதிராகவும் ஒரே ஒருவர் சாதகமாகவும் வாக்களித்தார்கள். 1808 ஜனவரி 1ம் தேதி, வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது அமெரிக்காவில் சட்டப்படி நின்றது. அன்று தோமா ஆலயத்தில் ஸ்தோத்திர ஆராதனை. ஜோன்ஸ் யாத்திராகமம் 3ம் அதிகாரத்தை எடுத்து, எகிப்தில் தம் ஜனத்தின் உபத்திரவத்தைப் பார்த்து இறங்கி வந்த தேவன் இவர்களுக்காகவும் இறங்கினார் என்று பிரசங்கித்தார். வருஷந்தோறும் ஜனவரி 1ஐ ஸ்தோத்திர நாளாக ஆசரிக்கவும் சொன்னார். அந்தப் பிரசங்கம் அச்சில் வந்து இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.

ஆலனும் ஜோன்ஸும் இரண்டு சபைப் பிரிவுகளாய்ப் போனபிறகும் நண்பர்களாகவே இருந்தார்கள். 1816ல் ஆலன் தன் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபையின் முதல் பேராயராக ஏற்படுத்தப்பட்டபோது, அவர் தலைமேல் கைவைத்தவர்களில் ஜோன்ஸும் ஒருவர்.

1818ம் ஆண்டு பிப்ரவரி 13ம் தேதி ஜோன்ஸ் தன் வீட்டில் மரித்தார். எப்பிஸ்கோப்பல் சபை அந்தத் தேதியில் அவரை நினைவுகூருகிறது. தோமா சபை இடம் மாறி, இப்போது பிலடெல்பியாவின் ஓவர்புரூக் பகுதியில் ஞாயிறுதோறும் கூடிவருகிறது. அவருடைய அஸ்தி அங்கேதான் இருக்கிறது. அந்தச் சபைக்கு மாநாட்டில் ஓட்டு கிடைத்தது 1860களில். அதற்குள் அவர் மரித்து 40 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.